வண்டிச் சக்கரத்தில் 24 மெழுகுவர்த்திகள்

2024 நவம்பர் கடைசியில் எங்கள் சபைக் கமிட்டியில் ஒரு சின்ன வாக்குவாதம். ஆன்லைனில் வாங்கிய அட்வென்ட் வளையம் பார்சலில் வந்திருந்தது. பிளாஸ்டிக் இலைகள், நடுவில் ஒரு வெள்ளை மெழுகுவர்த்தி, சுற்றி நான்கு: மூன்று ஊதா, ஒன்று ரோஸ். ஊதாவில் ஒன்று வழியிலேயே உடைந்துபோயிருந்தது. அதே நிறத்தில் ஒன்று எங்கே கிடைக்கும் என்று ஆரம்பித்த பேச்சு, "இதெல்லாம் ஆர்.சி. வழக்கம்தானே, நமக்கு எதுக்கு?" என்று ஒரு பெரியவர் கேட்டதில் வந்து நின்றது. இன்னொருவர், "வேதத்துல எங்க இருக்கு?" என்றார். இரண்டு கேள்விக்கும் யாரிடமும் பதில் இல்லை. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "படிச்சுப் பார்த்துட்டு வந்து சொல்றேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டேன்.

படித்ததில் முதல் கேள்விக்குக் கிடைத்த பதில் எனக்கே ஆச்சரியம். வளையம் ஆர்.சி. வழக்கம் இல்லை. நம்மிடமிருந்து, அதாவது லுத்தரன்களிடமிருந்து, கத்தோலிக்கர்கள் எடுத்துக்கொண்டது. அதுவும் முதலில் எந்த ஆலயத்திலும் எரியவில்லை. ஒரு போர்டிங்கில் எரிந்தது.

அங்கே போவதற்கு முன் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். "அட்வென்துஸ்" என்ற லத்தீன் சொல் முதலில் சபையின் சொல்லே கிடையாது. வருகை என்று பொருள். ரோமப் பேரரசன் ஒரு நகரத்துக்குள் பவனியாக வருவதற்கு அந்தப் பெயர். அந்த வருகையைக் கொண்டாடி அடித்த நாணயங்களில் இதே சொல்லைப் பார்க்கலாம். ராஜா வருகிறார் என்றால் ஊரைக் கூட்டிப் பெருக்கி, வாசலில் நின்று எதிர்கொண்டு அழைக்கவேண்டும். அந்தச் சொல்லைத்தான் கிறிஸ்தவர்கள், மாட்டுத்தொழுவத்தில் பிறந்த பிள்ளையின் வருகைக்கு எடுத்துக்கொண்டார்கள். கத்தோலிக்கர்கள் தமிழில் இதைத் திருவருகைக் காலம் என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கும். நாங்கள் அட்வென்ட் என்று அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம்.

டிசம்பர் மாதத்தில் சபையார் இப்படி இருக்கவேண்டும் என்று எழுதிய பழைய விதிகளில் ஒன்று ஸ்பெயினில் இருக்கிறது. கி.பி. 380ல் சரகோசா நகரத்தில் ஆயர்கள் கூடிய சங்கம் அது. டிசம்பர் 17 முதல் எபிபனி பண்டிகை வரை, 21 நாள், யாரும் ஆலயத்துக்கு வராமல் இருக்கக்கூடாது என்கிறது அதன் நான்காவது விதி. அதோடு விடவில்லை. வீட்டுக்குள் ஒளிந்துகொண்டு இருக்கக்கூடாது, தோட்டம் துரவில் போய்த் தங்கக்கூடாது, மலைக்குப் போகக்கூடாது, வெறுங்காலோடு நடக்கக்கூடாது. படித்ததும் சிரிப்பு வந்தது. பிறகுதான் பின்னணி புரிந்தது. பிரிசில்லியன் என்பவரைப் பின்பற்றியவர்கள் தனித்தனியாகக் கூடிக் கடுமையாக நோன்பு இருந்தார்கள். ஆயர்களுக்கு அது பயம். இதை அட்வென்ட் என்று அப்படியே சொல்லிவிட முடியாது, இது எபிபனிக்கான ஆயத்தம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பண்டிகைக்கு முந்தின நாட்களை வீட்டில் அனுசரிப்பதா, சபையில் அனுசரிப்பதா என்ற இழுபறி ஆரம்பத்திலேயே வந்துவிட்டது. ஆயர்கள் சொன்ன பதில்: வீட்டில் இருக்காதே, கோயிலுக்கு வா.

அடுத்த நூற்றாண்டில் பிரான்சின் தூர் நகரத்தில் பெர்பெதுவுஸ் என்ற ஆயர், மார்ட்டின் பண்டிகையான நவம்பர் 11லிருந்து கிறிஸ்துமஸ் வரை வாரம் மூன்று நாள் உபவாசம் என்று ஏற்படுத்தினார். அதே ஊரில் பின்னால் ஆயராக இருந்த கிரகோரி இதைத் தன் வரலாற்று நூலில் குறித்திருக்கிறார். 6ஆம் நூற்றாண்டின் கடைசியில் மக்கோன் நகரத்துச் சங்கம் அதையே திங்கள், புதன், வெள்ளி என்று பெரிய அளவில் விதியாக்கியது. இதற்கு "மார்ட்டினின் லெந்து" என்றே பெயர் வந்துவிட்டது. ரோமில் நாள் குறைந்து நான்கு ஞாயிறாக நின்றது, மிலான் நகரத்தில் மட்டும் இன்றைக்கும் ஆறு ஞாயிறு. கிழக்கத்தியச் சபைகள் 40 நாள் நோன்பை விடவே இல்லை. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் டிசம்பர் 1லிருந்து 25 நாள் நோன்பு பிடிப்பதை அங்கே வேலை பார்த்தவர்கள் பார்த்திருப்பீர்கள். மீன், இறைச்சி கிடையாது.

ஆக, அட்வென்ட் என்பது முதலில் பசி. நம் டிசம்பரில் கேக், முறுக்கு, அதிரசம். இதைக் குறையாகச் சொல்லவில்லை, அதிரசத்தை நானும் விடமாட்டேன். ஆனால் எங்கள் சபையில் டிசம்பர் முதல் வாரத்திலேயே ஞாயிறுபள்ளி கிறிஸ்துமஸ், அப்புறம் பெண்கள் ஐக்கியக் கிறிஸ்துமஸ், வாலிபர் கிறிஸ்துமஸ், பாடகர் குழுவின் கேரல் ஆராதனை, நான்கு ராத்திரி கேரல் ரவுண்ட்ஸ். நிஜமான கிறிஸ்துமஸ் வருகிற 25ஆம் தேதி விடியற்காலை நாலரை மணிக்கு, எல்லாருக்கும் தொண்டை கட்டிப்போய், பாதிப் பேர் தூங்கிக்கொண்டு நிற்கிறோம். வருகிறவரை எதிர்கொள்ள யாருக்கும் தெம்பு இல்லை.

இந்த இடத்தில் பாக் நினைவுக்கு வருகிறார். ஜெர்மனியின் லைப்ஸிக் நகரத்தில் அவர் 1723ல் வேலைக்குச் சேர்ந்தார். பொதுவாக வாரா வாரம் ஆராதனைக்குப் புதிதாக ஒரு கன்டாட்டா, அதாவது வாத்தியங்களோடு பல பகுதிகளாகப் பாடும் நீண்ட பாடல், தயாராகவேண்டும். ஆனால் அந்த ஊர் வழக்கப்படி அட்வென்ட் முதல் ஞாயிற்றுக்கு மட்டும் கன்டாட்டா உண்டு. இரண்டு, மூன்று, நான்காம் ஞாயிறுகளில் கிடையாது. சபையார் பாடும் பாட்டு மட்டும்தான். மூன்று வாரம் வயலின், எக்காளம், முரசு எல்லாம் மௌனம். முதல் ஞாயிற்றுக்கு அவர் கையாண்ட பாட்டு, மிலான் ஆயர் அம்புரோஸ் லத்தீனில் எழுதியதாகச் சொல்லப்படுவது. அதை லுத்தர் ஜெர்மன் மொழிக்குக் கொண்டுவந்தார். அதை வைத்து 1714ல் வைமாரில் ஒன்று, 1724ல் லைப்ஸிக்கில் ஒன்று என்று பாக் இரண்டு கன்டாட்டா அமைத்தார். அப்புறம் மூன்று வாரம் அமைதி. அந்த அமைதிக்குப் பிறகு கிறிஸ்துமஸ் காலையில் எக்காளமும் முரசும் சேர்ந்து எழும்பினால் அந்த ஊர் ஜனங்களுக்கு எப்படி இருந்திருக்கும்! எங்கள் பாடகர் குழுத் தலைவரிடம் இதைச் சொன்னேன். "நம்ம ஊர்ல மூணு வாரம் மௌனமா இருந்தா, கொயரையே கலைச்சிருவாங்க சார்" என்றார். அதுவும் நியாயம்தான்.

சரி, வளையத்துக்கு வருவோம்.

யோஹான் ஹின்ரிக் விஹெர்ன் 1808ல் ஹாம்பர்க் நகரத்தில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் மூத்தவர். அவருக்கு 15 வயதில் அப்பா இறந்துபோனார். டியூஷன் எடுத்துக் குடும்பத்தைத் தாங்கினார். கட்டிங்கன், பெர்லின் என்று போய் இறையியல் படித்துவிட்டு ஊர் திரும்பி, நகரத்துக்கு வெளியே சங்க்ட் கேயோர்க் பகுதியில் ஒரு ஞாயிறு பள்ளியில் ஆசிரியரானார். வகுப்போடு நிற்காமல் அந்தப் பிள்ளைகளின் வீடுகளைத் தேடிப்போனார். துறைமுக நகரம், பணம் புழங்கும் ஊர். அதன் பின்சந்துகளில் ஒரே அறையில் குடும்பங்கள், வேலையில்லாத அப்பன்கள், திருட்டிலும் பிச்சையிலும் பிழைக்கும் சிறுவர்கள். பார்த்ததைக் குடும்பம் குடும்பமாகக் குறித்து வைத்தார்.

1833ல் ஹோர்ன் என்ற கிராமத்தில், கார்ல் சீவெகிங் என்ற நகர அதிகாரி கொடுத்த ஒரு பழைய வீட்டில் விஹெர்ன் குடியேறினார். கூட அவர் அம்மாவும் தங்கையும். வீட்டுக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது: ரௌஹெஸ் ஹௌஸ். நேர்ப்பொருள் கரடுமுரடான வீடு. பழைய சொந்தக்காரர் ரூகெ என்பவரின் பெயர்தான் உச்சரிப்பில் அப்படித் திரிந்தது என்கிறார்கள். கரடுமுரடான பையன்களுக்குப் பொருத்தமாகவே திரிந்திருக்கிறது. சில வாரங்களில் 12 பையன்கள் வந்து சேர்ந்தார்கள். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு இருந்த இடங்கள் சிறையைப் போல நூற்றுக்கணக்கில் அடைத்து வைப்பவை. விஹெர்ன் மதில் கட்டவில்லை. முன்னால் என்ன செய்தாய் என்று கிளறுவதும் கிடையாது. பன்னிரண்டு பேருக்கு ஒரு சின்ன வீடு, அவர்களோடு தங்கும் ஒரு "சகோதரர்", தச்சு, தோட்டம், தையல், பின்னால் அச்சுவேலை. பிள்ளைகள் கூடக்கூட வீடுகளும் கூடின. அது ஒரு நிறுவனம் என்பதைவிட, பல குடும்பங்கள் சேர்ந்த ஒரு குட்டிக் கிராமம்.

டிசம்பர் வந்தால் அந்தப் பையன்கள் ஒரே கேள்வியாகக் கேட்டார்களாம்: இன்னும் எத்தனை நாள்? அந்த இல்லத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை இது. 1839 அட்வென்டில் விஹெர்ன் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து ஜெபக்கூடத்தில் தொங்கவிட்டார். அதன்மேல் நான்கு பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகள், இருபது சின்னச் சிவப்பு மெழுகுவர்த்திகள். தினமும் கூடி, வேதத்திலிருந்து ஒரு வாக்குத்தத்தம் வாசித்து, ஒன்று கூடுதலாக ஏற்றுவார்கள். ஞாயிற்றுக்கிழமை வெள்ளை, மற்ற நாள் சிவப்பு.

ஏன் இருபதும் நாலும் என்று எனக்கு முதலில் புரியவில்லை. 1839ஆம் வருஷக் காலண்டரைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த வருஷம் கிறிஸ்துமஸ் புதன்கிழமை. அப்படியானால் அட்வென்ட் முதல் ஞாயிறு சரியாக டிசம்பர் 1. அன்றிலிருந்து 24ஆம் தேதி வரை 24 நாள். நான்கு ஞாயிறு, இருபது வாரநாள். கணக்கு அப்படியே உட்கார்ந்தது. இந்த எண்ணிக்கை வருஷத்துக்கு வருஷம் மாறும். முதல் ஞாயிறு நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் விழலாம். அதனால் அட்வென்ட் சில வருஷம் 22 நாள், சில வருஷம் 28 நாள். 2022ல் 28, அடுத்த வருஷமே 22.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1860 வாக்கில் சக்கரத்தின்மேல் ஃபிர் மரக்கிளைகளைச் சுற்ற ஆரம்பித்தார்கள். அங்கே பயிற்சி பெற்ற சகோதரர்கள் ஜெர்மனி முழுக்க அனாதை இல்லங்களுக்கும் சிறைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் வேலைக்குப் போனார்கள், வளையமும் கூடவே போனது. புராட்டஸ்டண்ட் வீடுகளுக்குள் நுழைந்தது. ஆனால் சாப்பாட்டு மேசையில் வண்டிச் சக்கரத்தை வைக்க முடியுமா? சின்னதாக்கினார்கள், நான்கு மெழுகுவர்த்தி போதும் என்றானது. பிறகுதான் ஆலயங்களுக்குள் பரவலாக வந்தது. கத்தோலிக்க ஆலயத்தில் முதல்முதலாகத் தொங்கவிட்டது 1925ல், கொலோன் நகரத்தில் என்று பொதுவாகக் குறிப்பிடுகிறார்கள். அங்கே போன பிறகுதான் கத்தோலிக்க வழிபாட்டு நிறங்களான ஊதாவும் ரோஸும் மெழுகுவர்த்தியில் ஏறின. ரோஸ் மூன்றாம் ஞாயிற்றுக்கு. உபவாசத்தின் நடுவில் கொஞ்சம் தளர்த்தி, சந்தோஷப்படு என்று சொல்லும் நாள் அது. எங்கள் கமிட்டிப் பெரியவர் பாதி சரிதான்: வளையம் நம்முடையது, கலர் அவர்களுடையது! நம்பிக்கை, சமாதானம், சந்தோஷம், அன்பு என்று இப்போது ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்கிறோமே, விஹெர்னின் சக்கரத்தில் அந்தப் பெயர்கள் எதுவும் கிடையாது. அவருடையது நாள் எண்ணும் கருவி, அவ்வளவுதான்.

சின்னதாக்கியபோது கழன்று விழுந்தது எது என்று பாருங்கள். இருபது சிவப்பு. அதாவது திங்கள் முதல் சனி வரை. ஞாயிறு மட்டும் மிஞ்சியது. ஞாயிறு சபையுடையது, மற்ற ஆறு நாளும் வீட்டுடையது, போர்டிங்குடையது. வீட்டுக்குள் இருக்காதே என்று சரகோசாவில் சொல்லி 1459 வருஷம் கழித்து, ஒரு வீட்டில் பிறந்த வழக்கம் ஆலயத்துக்குள் போனது. போகிற வழியில் வீட்டின் பங்கைத் தொலைத்துவிட்டது.

வாரநாட்கள் வேறு வழியில் பிழைத்தன என்று சொல்லலாம். ஜெர்மனியில் 19ஆம் நூற்றாண்டு வீடுகளில் கதவின்மேல் சாக்பீசால் 24 கோடு போட்டு, தினம் ஒன்றைப் பிள்ளைகளை அழிக்கச் சொல்வார்கள். ஏழை வீட்டுக் காலண்டர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூனிச் நகரத்து அச்சகக்காரர் கெர்ஹார்ட் லாங், சிறுவயதில் தன் அம்மா அட்டையில் தைத்துக் கொடுத்த 24 பிஸ்கட்டுகளின் நினைவில், அதை அச்சடித்த காலண்டராக்கினார். இன்று சாக்லேட் வைத்து விற்கிறார்கள். அச்சுக்கு வசதியாக எந்த வருஷமானாலும் டிசம்பர் 1ல் தொடக்கம். ஞாயிறு எங்கே விழுந்தால் என்ன?

இன்னொரு பொருளையும் சொல்லவேண்டும், நட்சத்திரம். மொரேவியன் சகோதர சபையின் மிஷனரிகள் நம் தரங்கம்பாடிக்கும் வந்தவர்கள். 1760லிருந்து 1803 வரை இருந்தார்கள். அவர்கள் சபைக்கு ஜெர்மனியில் நீஸ்கி என்ற ஊரில் போர்டிங் பள்ளி உண்டு. பெற்றோர் தூரதேசங்களில் ஊழியம் செய்ய, பிள்ளைகள் அங்கே தங்கிப் படிப்பார்கள். 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் அந்தப் பள்ளியில் வடிவியல் பாடமாகக் காகிதத்தில் கூர்கூராக நட்சத்திரம் செய்யப் பழக்கினார்கள். அதுதான் இன்று உலகம் முழுக்க அட்வென்டில் தொங்கும் ஹெர்ன்ஹூட் நட்சத்திரம். வளையமும் போர்டிங், நட்சத்திரமும் போர்டிங். வீட்டில் இருக்கிற பிள்ளை எதற்கு நாளை எண்ணப்போகிறது?

எனக்கு இது தனியாக உறைத்ததற்குக் காரணம் உண்டு. நானும் போர்டிங் பிள்ளை. ஆறாம் வகுப்பிலிருந்து பத்து வரை. என் டிரங்குப் பெட்டியின் மூடியைத் திறந்தால் உள்பக்கம் சாக்பீஸ் கோடுகள் இருக்கும். கிளாஸிலிருந்து திருடிய சாக்பீஸ். டிசம்பர் இரண்டாம் வாரம் அரையாண்டுப் பரீட்சை தொடங்கும், கடைசிப் பரீட்சை முடிந்த சாயங்காலம் ஊருக்குப் பஸ். அதுவரை ராத்திரி படுக்கும் முன் ஒரு கோடு அழிப்பேன். யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு வருஷம் அப்பாவுக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை, அழைத்துப்போக இரண்டு நாள் தாமதம். எல்லாரும் போன பிறகு காலியான ஹாலில் அழிக்கக் கோடு இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். ஜெர்மன் வீட்டுக் கதவுகளில் இருந்த கோடுகளைப் பற்றி முதலில் படித்த அன்று எழுந்து கொஞ்சநேரம் நடந்துவிட்டுத்தான் வந்தேன்.

2024லும் கிறிஸ்துமஸ் புதன்கிழமை. 1839ன் அதே கணக்கு: நான்கு வெள்ளை, இருபது சிவப்பு. வீட்டில் பெரிய தாம்பாளத்தில் மணல் நிரப்பி நட்டோம். ராத்திரி ஏழரைக்கு ஒரு வசனம், ஒரு தீக்குச்சி, இரண்டு நிமிஷம் பேசாமல் இருப்பது. ஒழுங்காக நடந்தது என்று பொய் சொல்லமாட்டேன். மகளுக்குக் கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் மறந்தேபோனோம். கேரல் ரவுண்ட்ஸ் போன இரண்டு நாளும் ராத்திரி பதினொரு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் ஏற்றினோம்.

எங்கள் சபைக்குப் பக்கத்திலும் ஒரு போர்டிங் இருக்கிறது, முப்பது பையன்கள். இரண்டாம் ஞாயிறு ஒரு பழைய சைக்கிள் ரிம்மைக் கொண்டுபோனேன். வார்டன் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "தீ கீ பிடிச்சா யார் சார் பதில் சொல்றது?" சரிதானே. மேலே தொங்கவிடாமல் சிமென்ட் தரையில் செங்கல் அடுக்கி வைப்பது, பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீர், அவர் இருக்கும்போது மட்டும் ஏற்றுவது என்று முடிவானது. அன்று எட்டையும் ஒரே நேரத்தில் ஏற்றினோம். மீதி பதினாறு என்று ஒருவன் எண்ணிச் சொன்னான். பக்கத்தில் இருந்தவன், "எனக்குப் பதினஞ்சுதான். 23ஆம் தேதி நான் ஊருக்குப் போயிருவேன்" என்றான்.

எல்லாரும் 23ஆம் தேதி போய்விட்டார்கள், இரண்டு பேரைத் தவிர. ஒருவனுடைய அம்மாவுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை, 24ஆம் தேதி ராத்திரிதான் வர முடியும். இன்னொருவனைப் பற்றி நான் கேட்கவில்லை. கடைசிச் சிவப்பை அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் ஏற்றினார்கள் என்று வார்டன் அப்புறம் சொன்னார்.

இந்த வருஷம் நவம்பர் பாதியில் அவரே போன் செய்தார். "சார், ரிம்மைத் தொடச்சு வச்சாச்சு. இந்தத் தடவை எத்தனை வாங்கணும்?" கணக்குப் போட்டுச் சொன்னேன். 2025ல் முதல் ஞாயிறு நவம்பர் 30. நான்கு வெள்ளை, இருபத்தொரு சிவப்பு.